25 மில்லிகிராம் மாத்திரையும் 4 கிலோ குழந்தையும்

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். என் பெரியப்பா சிரிக்கவில்லை, கணக்குக் கேட்டார். "சம்பளம் வாங்கிக்கொண்டு நின்ற இடத்தை விட்டு, வாடகை கொடுத்து நிற்கப் போகிறாய். அவ்வளவுதானே பிள்ளை?" அவ்வளவுதான் பெரியப்பா. ஆனால் இப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறது. அதன்மேல் தராசும் கல்வமும் பீங்கான் பலகையும் இருக்கின்றன. டாக்டர் எழுதிய அளவில், எழுதிய வடிவத்தில், ஒரே ஒரு நோயாளிக்கான மருந்தை அங்கே கலந்து கொடுக்கிறேன். மண்டபத்தில், கடல் காற்று நேராக வந்து மோதும் தெருவில்.

பத்தாண்டுக்கு மேல் பல கிளைகள் கொண்ட ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்தேன். முதலில் மதுரை, பிறகு ராமநாதபுரம். அந்த வேலையைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எக்ஸ்பைரி பார்ப்பது, குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் குறிப்பது, பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் மாத்திரைகளைத் தள்ளித்தள்ளி அடுக்குவது என எல்லா ஒழுங்கையும் அங்கேதான் கற்றேன். சலிப்பு வந்தது வேறு இடத்திலிருந்து. மாதக் கடைசியில் மேலாளர் கேட்டதெல்லாம் சத்து மாவு டப்பா எத்தனை போயிற்று, கம்பெனியின் சொந்த முத்திரை வைட்டமின் எத்தனை பில்லில் ஏறிற்று என்பதுதான். இன்சுலின் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று ஒரு முதியவருக்குச் சொல்லிக்கொடுத்தால் வரிசையில் பின்னால் நிற்பவர் கைப்பேசியில் மணியைப் பார்ப்பார். கடையின் கேமராவும் பார்க்கும். மருந்தாளுநர் படிப்பு படித்தவளுக்கு அங்கே இருந்த வேலை, சீட்டில் இருக்கும் பெயரையும் அட்டையில் இருக்கும் பெயரையும் ஒத்துப் பார்ப்பது. இன்றைக்கு அதை பார்கோடு என்னைவிட நன்றாகச் செய்கிறது.

கல்லூரியில் மருந்து கலக்கும் செய்முறை வகுப்பு எனக்குப் பிடிக்கும். எண்ணெய் நான்கு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கோந்து ஒரு பங்கு. எண்ணெயில் கோந்துப் பொடியைக் குழைத்து, தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, கல்வத்தில் ஒரே திசையில் விடாமல் அரைக்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகிப் பால்மம் கூடிவரும் நேரத்தில் உலக்கையின் அடியில் சடசடவென்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்காகவே சீக்கிரம் போய் முன் மேசையைப் பிடிப்பேன். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தபின் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என்னோடு படித்தவர்களில் பலருக்கும் இதே கதைதான்.

சட்டம் இந்த வேலையை மறந்துவிடவில்லை என்பது வேடிக்கை. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆவது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் வேலையைப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கென்றே ஒதுக்குகிறது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆவது விதி கடைகளையே வகை பிரிக்கிறது: மருந்தாளுநரும் இருந்து, கலந்து கொடுக்கும் வசதியும் இருந்தால்தான் பலகையில் 'பார்மசி' என்று எழுதலாம், ஆள் மட்டும் இருந்து வசதி இல்லையென்றால் 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்'. தெருவுக்குத் தெரு பார்மசி பலகை தொங்குகிறது. உள்ளே கல்வம் இருக்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

கலப்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதை அதே விதிகளின் 'என்' (N) அட்டவணை சொல்கிறது. கலக்கும் பகுதி ஒரு மருந்தாளுநருக்குக் குறைந்தது 6 சதுர மீட்டர். உயரம் 2.5 மீட்டர். தரையும் சுவரும் கழுவித் துடைக்கத் தக்கவை. பொதுமக்கள் உள்ளே வராதபடி ஒரு தடுப்பு. நச்சு மருந்துக்குப் பூட்டுள்ள தனி அலமாரி. நல்ல தண்ணீர். அதற்குப் பிறகு கருவிகள்: 30 மில்லிகிராம் வரை உணரும் தராசு, அளவைக் குவளைகள், கண்ணாடிக் கல்வம், பீங்கான் கல்வம், களிம்புப் பலகை, வெந்நீர்த்தொட்டி, ஸ்பிரிட் விளக்கு, லிட்மஸ் தாள், சப்போசிட்டரி அச்சு. அட்டவணை எந்தக் காலத்தில் எழுதப்பட்டது என்பதை அதிலுள்ள மாத்திரை உருட்டும் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு யாரும் கையால் மாத்திரை உருட்டுவதில்லை. அதற்காகச் சென்னைப் பாரிமுனையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பெரியவர் பரணிலிருந்து பித்தளைத் தகடு பதித்த ஒன்றை இறக்கித் துடைத்தபடி, "இதை வைத்து என்னம்மா செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அலமாரியில் வைக்கப் போகிறேன் என்றேன். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. சட்டத்துக்குச் செலுத்திய காணிக்கை.

இந்தக் கடற்கரையில் பொடியோடு மல்லுக்கட்டுவது தனி வேலை. ஈரக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. காலையில் கலகலவென்று கொட்டிய யூரியா மாலைக்குள் பாளமாகிவிடும். வெற்று ஜெலட்டின் கேப்சூல்கள் நெகிழ்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதவை ஒருக்களித்துத் திறந்தாலே தராசின் கடைசி இலக்கம் ஆடும். நிறுக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கலக்கும் அறைக்கு மட்டும் குளிர்சாதனமும், ஈரத்தை உறிஞ்சும் ஒரு கருவியும் போட்டேன். மின்கட்டணம் வருகிறபோதெல்லாம் பெரியப்பாவின் கணக்கு நினைவுக்கு வருகிறது. தண்ணீர் அடுத்த தலைவலி. எங்கள் தெருக் குழாயில் ஊறுவது உவர்நீர். குடிநீர் குடத்துக்கு இவ்வளவு என்று விலைக்கு வருகிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் மருந்துக்குத் தகுந்தது ஆகாது. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் சுத்தமானதுதானே என்று கேட்கிறவர்கள் உண்டு. வடிகட்டிய பின் காய்ச்சி வடித்து, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே எடுக்கிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், தங்கச்சிமடத்திலிருந்து வருகிற ஒரு குழந்தையை வைத்துச் சொல்கிறேன். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. மதுரையில் பார்த்து, அறுவைக்கு எடை கூடட்டும் என்று மருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அப்போது எடை 4 கிலோ. மருந்துகளில் ஒன்று ஸ்பைரனோலாக்டோன், வேளைக்கு 4 மில்லிகிராம். எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது 25 மில்லிகிராம் மாத்திரை. ஆலை பெரியவர்களை நினைத்துச் செய்த மாத்திரை அது. அதில் தப்பேதும் இல்லை. தாயிடம் சொல்லப்பட்ட வழி, மாத்திரையைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்து 1.6 மில்லி எடுத்துப் புகட்டுவது. கணக்கு சரி. 10 மில்லியில் 25 மில்லிகிராம் என்றால் 1.6 மில்லியில் 4. தாளில் எழுதினால் முழு மதிப்பெண்.

ஆனால் ஸ்பைரனோலாக்டோன் தண்ணீரில் கரையாது. வெள்ளையாகக் கலங்குவதைக் கரைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கிண்ணத்தைக் கீழே வைத்து, அழுகிற குழந்தையைத் தூக்கி மடியில் போடுவதற்குள் மருந்து அடியில் படிந்துவிடும். மேலாக எடுத்தால் வெறும் தண்ணீர். அடியில் எடுத்தால் ஒரேயடியாகப் பல மில்லிகிராம். ஒரு வேளை குறையும், மறுவேளை கூடும். எவ்வளவு உள்ளே போயிற்று என்பதை அந்தத் தாயாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் சொல்ல முடியாது. இந்த மருந்து கூடினால் உடம்பில் பொட்டாசியம் ஏறும். ஏற்கெனவே தடுமாறுகிற இதயத்துக்கு அது ஆகாது.

என் மேசையில் நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாத்திரையை நைசாக அரைத்து, துளித்துளியாகத் திரவம் விட்டுக் களிம்புபோல் குழைத்து, துகள்களை மிதக்கவைக்கும் பசையுள்ள திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் குறித்த அளவுக்கு நிரப்புவது. 1 மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும்படி செய்தால் வேளைக்கு 0.8 மில்லி. பாலாடையில் புகட்டினால் விளிம்பில் ஒட்டியது ஒட்டியபடி நின்றுவிடும். ஆகவே ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, 0.8இல் ஒட்டுத்தாளால் கோடு போட்டுவிடுகிறேன். குலுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லி, அவரையே ஒரு தடவை என் முன்னால் குலுக்கி எடுக்கச் சொல்வேன். கல்வம் சுழல்வதைவிட இந்தப் பேச்சுக்குத்தான் நேரம் அதிகம் போகிறது. கேமராவுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதால் போகட்டும் என்று விடுகிறேன்.

நானாக யோசித்த கலவை எதுவும் என்னிடம் கிடையாது. எந்தத் திரவத்தில், எந்தச் செறிவில், எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று சோதித்து வெளியிட்ட செய்முறை இருந்தால் அதை எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் அமெரிக்க மருந்துத் தரநூலின் 795ஆம் அத்தியாயம் வைத்திருக்கும் வரம்பு: தண்ணீர் சேர்ந்து, கெடாமல் காக்கும் பொருள் சேராத கலவைக்குக் குளிர்பெட்டியில் 14 நாள், காக்கும் பொருள் சேர்ந்திருந்தால் 35 நாள். குழந்தை மருந்தில் காக்கும் பொருளைக் கூடியமட்டும் தவிர்ப்பதால் எனக்கு அனேகமாக 14தான். அதனால் அந்தத் தாய் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாம்பன் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வருகிறார். வீட்டில் குளிர்பெட்டி இல்லை. மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். உறைந்துபோனால் கலவை முறிந்துவிடும் என்றேன். இப்போது பாட்டில் எதிர்வீட்டுப் பெட்டிக்கடையில், சோடாவுக்கும் கலருக்கும் நடுவே ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. வேளை தவறினால் கடைக்காரரே குரல் கொடுக்கிறாராம்.

இந்த ஊர் எனக்குக் கொடுத்த இன்னொரு வேலை, கைகள். சின்னப்பாலம், வேதாளைப் பக்கத்துப் பெண்கள் தீவுகளை ஒட்டிய பாறைகளில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றியிருந்தாலும் பாறை கிழிக்கும், சிப்பி கிழிக்கும், மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் வெளுத்து வெடிக்கும், விரலிடுக்கில் சேற்றுப்புண். ராமநாதபுரத்துத் தோல் மருத்துவர் ஒருவர் இவர்களுக்கென்று பழைய முறையில் எழுதத் தொடங்கினார். இடுக்குப் புண்ணுக்கு விட்ஃபீல்டு களிம்பு: பென்சோயிக் அமிலம் 6 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். ரணம் இல்லாத, தடித்த உள்ளங்கைக்கு யூரியா சேர்ந்த வேறொன்று. விட்ஃபீல்டு நூறாண்டு தாண்டிய மருந்து; மலிவு என்பதாலோ என்னவோ, அதைத் தள்ளி விற்க எந்தக் கம்பெனிப் பிரதிநிதியும் பையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பீங்கான் பலகையில் பொடியை முதலில் கொஞ்சம் களிம்போடு வழித்துக் குழைத்து, பிறகு சம அளவு, சம அளவாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாகப் போட்டுக் கிண்டினால் மணல் நெருடும். நெருடுகிற களிம்பு வெடித்த கையில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண்களில் மூத்தவர் ஒருவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நான் குழைப்பதைப் பார்த்துக்கொண்டே, "கம்பவுண்டர் செய்வதுபோலவே செய்கிறாயே தாயி" என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது தர்மாஸ்பத்திரிக்கு வீட்டிலிருந்தே பாட்டில் கழுவி எடுத்துப் போவார்களாம். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்புத் தண்ணீரை ஊற்றி, ஓரத்தில் பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற முறை அது. அவர் போனபின் நானும் ஒரு பட்டை வெட்டிப் பார்த்தேன். கண்ணளவில் ஊற்றுவதைவிட அளவுக்குவளை நம்பகமானது என்பதால் ஒட்டவில்லை. அந்தப் பழைய பாட்டில்களை நினைத்து நெகிழ்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஜாடி, எல்லோருக்கும் ஒரே தண்ணீர். அந்தக் கலவையில் யாருக்கென்று என்ன இருந்தது?

இவர்கள் எடுக்கும் பாசியின் கதையும் என் அலமாரியில் முடிகிறது. கட்டக்கோரைப் பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள்; மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர். துகளை மிதக்கவைக்கும் பசைகளில் சோடியம் அல்ஜினேட்டும் ஒன்று. நெஞ்செரிச்சல் மருந்திலும் அது உண்டு. அந்த வெள்ளைப் பொடியைக் காட்டி இதுதான் உங்கள் பாசி என்று சொன்னபோது அவர்கள் முதலில் கேட்டது கிலோ என்ன விலை என்றுதான். சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேசியதை இங்கே எழுத முடியாது.

மறுக்கிற வேலையைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர்களை நான் இழப்பது அதில்தான். கடலிலிருந்து திரும்பியவர் உடம்பு வலிக்கு 'ஒரு செட்' கேட்பார். அட்டையிலிருந்து உதிர்த்த நாலைந்து மாத்திரை, காகிதத்தில் மடித்து, பெயர் இல்லாமல். அதில் வலி மாத்திரையோடு பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். அன்றைக்கே எழுந்து நடக்கவைப்பது அதுதான். அவர் கண்ணில் அதுவும் கலந்து கொடுப்பது, என்னுடையதும் கலந்து கொடுப்பது. "கலந்து கொடுக்கிற கடை என்றுதானே வந்தேன்?" என்று ஒருவர் கேட்டார், கேள்வியில் நியாயம் இருந்தது. என் பாட்டிலில் உள்ளே இருப்பதன் பெயர், அளவு, உங்கள் பெயர், பதிவேட்டு எண் எல்லாம் ஒட்டியிருக்கும் என்று காட்டினேன். பெயர் வலியைக் குறைக்குமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

படர்தாமரைக்கு 'மூன்று மருந்து' டியூப் கேட்பவர்களும் அப்படித்தான். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அதோடு வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சை அடங்காது, அடியில் பரவும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்ட பிறகும் கேட்பவர்கள் குறையவில்லை. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் இந்தியாவின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்கள். பழைய வேலையில் என் கையால் அதிகம் பில் ஏறிய டியூப்களில் அந்த 'மூன்று மருந்து' டியூபும் ஒன்று.

கண் சொட்டு மருந்தும் ஊசி மருந்தும் என் மேசையில் கிடையாது. கிருமியே இல்லாத அறை வேண்டும். என்னிடம் இருப்பது சுத்தமான அறை. இரண்டுக்கும் உள்ள தூரம் 2012இல் அமெரிக்காவில் தெரிந்தது. மாசசூசெட்ஸில் ஒரு கலவை மருந்தகம் தயாரித்து ஊர் ஊராக அனுப்பிய முதுகுத்தண்டு ஊசியில் பூஞ்சை இருந்து, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பேருக்குத்தான் கலவைக் கடை. நடந்தது ஆலை வேலை. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டுச் சட்டம், சில்லறைக் கடையில் வழக்கமான வியாபாரமாகக் கலந்து கொடுப்பதை 'உற்பத்தி'யில் சேர்க்கவில்லை. அந்த வரியின் நிழலில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். மொத்தமாகக் கலந்து பத்துக் கடைக்கு அனுப்பினால் நிழல் விலகிவிடும். முகம் வெளுக்கும் க்ரீமை டப்பா டப்பாவாகச் செய்துதரச் சொல்லி வந்த அழகு நிலையத்துக்காரரிடம் இதைத்தான் சொன்னேன்.

2025 அக்டோபரில் இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழ்நாட்டு ஆய்வகம் கண்டறிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 1937இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்ற அதே நஞ்சு. அந்த வாரம் என் கடைக்கு வந்த தாய்மார்கள் எல்லோரும் பாட்டிலைத் தூக்கிக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டது நல்லது. அந்த நஞ்சு கலந்து வர வாய்ப்புள்ள கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மருந்துத் தரத்தில், அந்தந்தத் தொகுதிக்கான சோதனைச் சான்றிதழோடு வந்தால்தான் வாங்குகிறேன். சான்றிதழை ஒரு கோப்பில் போட்டு கவுண்டரிலேயே வைத்திருக்கிறேன். யாரும் அதைப் புரட்டியதில்லை. இருந்தாலும் அது உள்ளே போகாது. அவை இல்லாமலே செய்ய முடிகிற கலவைகளில் அவற்றைச் சேர்ப்பதும் இல்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கலவை மேசை கடையை நடத்தவில்லை. கடை கலவை மேசையை நடத்துகிறது. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, இன்சுலின், குழந்தை டயப்பர் இவைதான் வாடகை. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துக்குச் சில்லறைக் கடையின் லாபம் 16 சதவீதம் என்று 2013ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. அதிலும் பக்கத்துக் கடை தள்ளுபடிப் பலகை மாட்டினால் நானும் இறங்க வேண்டும். 2025இல் திறந்த முதல்வர் மருந்தகங்களின் விலையோடு போட்டி போட எனக்கு நெஞ்சுரம் இல்லை. அங்கே மலிவாகக் கிடைப்பதை அங்கேயே வாங்கச் சொல்லி அனுப்புகிறேன். கலவைக்கு அச்சடித்த விலை கிடையாது. மூலப்பொருளின் விலை சொற்பம், மீதி என் நேரம். பாட்டிலைத் திருப்பித் திருப்பி எம்.ஆர்.பி. எங்கே என்று தேடுகிறவரிடம் கூலி என்று சொல்வதற்கு முதலில் நாக்குக் கூசியது. தையல்காரர் கூசுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் கடன் நோட்டு தடிக்கும். படகு இறங்கியதும் பெரும்பாலும் திரும்பி வருகிறது. பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

டாக்டர்களைப் பிடிப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். இளையவர்கள் கலவைச் சீட்டு எழுதிப் பழகியதில்லை. எழுதலாம் என்பதே பலருக்குச் செய்தி. கம்பெனிப் பிரதிநிதிகளின் வரிசையில் நானும் பையோடு உட்கார்ந்தேன். இலவசப் பேனா கொடுக்க என்னிடம் இல்லை. எந்தெந்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது என்ற பட்டியல் ஒன்றை அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன். மெல்ல மெல்ல மருந்தைவிடும் மாத்திரைகள், குடலில் கரைய உறை போட்டவை, இப்படி. அந்த அட்டை பல மேசைகளின் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. சீட்டு அதன்பிறகுதான் வரத் தொடங்கியது.

இப்போது ஒரு ஆள் போதவில்லை. கலக்கும்போது முன்பக்கம் காத்திருப்பவர்கள் எரிச்சலாகிறார்கள். முன்பக்கம் நின்றால் கல்வம் காய்கிறது. பரமக்குடியிலிருந்து ஒரு பெண் வரத் தயார், படிப்பு முடித்துப் பதிவும் செய்துவிட்டாள். அட்டவணைப்படி கலக்கும் பகுதியில் இரண்டாவது மருந்தாளுநருக்கு இன்னும் 2 சதுர மீட்டர் வேண்டும். பின்பக்கம் வீட்டுக்காரர் வலையும் மிதவையும் போட்டு வைத்திருக்கும் அறை இருக்கிறது. நடுச்சுவரை எடுத்தால் போதும். தடைக்காலம் முடியட்டும், வலை வெளியே போனதும் பேசலாம் என்கிறார். வாடகை எவ்வளவு ஏற்றுவார் என்பதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.